விகோ லுண்டின் பதினான்கு சென்டிமீட்டர்

தொண்ணூற்று இரண்டாம் ஆண்டு மார்ச் மாதத்தில் டென்மார்க்கின் லிண்டர்யோ தீவுப் பத்திரிகையான 'லிண்டர்யோ செய்தி' தன் முதல் பக்கத்தில் தீவு மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது. ஜூன் இரண்டாம் தேதி நாடு முழுவதும் வாக்கெடுப்பு. ஐரோப்பிய நாடுகள் கூடி எழுதிய புதிய ஒப்பந்தத்துக்கு டென்மார்க் 'ஆம்' சொல்வதா, 'இல்லை' சொல்வதா என்பது கேள்வி. அதுவரைக்கும் வாசகர் கடிதப் பக்கத்தில் 'ஆம்' என்பவர்களுக்கு எத்தனை சென்டிமீட்டர் இடமோ, 'இல்லை' என்பவர்களுக்கும் அத்தனை சென்டிமீட்டர். சனிக்கிழமை தோறும் இரண்டு எண்களையும் பெட்டி கட்டிப் போடுவோம், சந்தேகம் உள்ளவர்கள் அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் ப்ரீபன் எழுதியிருந்தார்.

அளந்து பார்த்தார்கள். அந்தத் தீவுக்காரர்களிடம் அளந்து பாருங்கள் என்று சொல்லக் கூடாது. சமையலறை மேஜையில் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைகளின் அளவுகோலை எடுத்துவந்து, பக்கத்தை மேலும் கீழுமாக அளந்தார்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி அரை சென்டிமீட்டர் உதைக்கிறது என்று தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் சொன்னது சரிதான். அடுத்த இதழில் அரை சென்டிமீட்டர் ஈடு கட்டிய பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

கடிதப் பக்கம் டாக்னியின் பொறுப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் வேலை அதுதான். ஐம்பத்தொரு வயது, தனிக்கட்டை. ஊரில் யார் எப்படி எழுதுவார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. யாருடைய வாக்கியம் எங்கே மூச்சு வாங்கும், யார் மூன்றாவது பத்தியில் அழ ஆரம்பிப்பார்கள் என்பதைக் கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் அளவில் 'இல்லை' என்று போடுவதாக முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. கடிதப் பக்கத்துக்காரிக்குச் சொந்தக் கருத்து இருந்தால் அதை வீட்டில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும் என்பது அவள் கொள்கை.

ஏப்ரல் கடைசியில் சிக்கல் வந்தது. 'ஆம்' கடிதங்கள் நின்றுபோயின. பெரிய கட்சிகள் ஆம், தலைநகரத்துப் பத்திரிகைகள் ஆம், வங்கிகள் ஆம். ஆகவே தீவில் இருந்த ஆம்காரர்கள், தேர் தானாக ஓடுகிறது, நாம் ஏன் வடம் பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ப்ரீபன் வங்கி மேலாளரை மூன்று முறை தொலைபேசியில் கெஞ்சினார். மூன்று முறையும் நாளைக்கு எழுதுகிறேன் என்றார் அவர். இல்லைகாரர்களோ அடைமழை மாதிரி எழுதிக் குவித்தார்கள். ஆனால் எதிரே நிறுத்த ஓர் ஆம் இல்லாமல் ஓர் இல்லையைப் போட விதி இடம் கொடுக்கவில்லை. டாக்னியின் தட்டில் ஏழு கடிதங்கள் வாய் பொத்திக் கிடந்தன.

அவற்றில் ஒன்று எஸ்கில்டுடையது. எஸ்கில்ட் மீனவன், அறுபத்து மூன்று வயது, மனைவி இறந்து ஐந்து வருடம். தபால் நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த ஒப்பந்தப் புத்தகத்தைப் படகில் வைத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக முழுவதும் படித்த ஒரே ஆள் அந்தத் தீவில் அவன்தான். பக்கத்துக்குப் பக்கம் மீன் செதில் ஒட்டியிருக்கும். எழுபத்திரண்டில் நடந்த வாக்கெடுப்பிலும் 'இல்லை', எண்பத்தாறில் நடந்ததிலும் 'இல்லை', இப்போதும் 'இல்லை'. கடிதத்தை நேரில் கொண்டுவந்து கொடுத்தவன், பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்து நின்றான்.

"என் கடிதம் எங்கே டாக்னி?"

அவள் விதியைச் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுக்காரன் சாப்பிடலைன்னு என் தட்டைப் பிடுங்கறியே, இது நியாயமா?" என்றான். குரல் உயரவில்லை. குரல் உயர்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் போன பிறகு டாக்னி ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பனிமூட்டம் இறங்கி, படகுகள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. எஸ்கில்டின் கடிதம் பதினான்கு சென்டிமீட்டர். அதற்கு ஒரே ஓர் எதிர்க்கடிதம் போதும். அவனுக்கு ஒரு நேர்மையான மனிதன் என்ன பதில் சொல்வான் என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை தட்டச்சு இயந்திரத்துக்குப் போய்விட்டது. எழுதி முடித்து, கீழே விகோ லுண்ட் என்று ஒரு பெயர் போட்டாள். ஊர் வடமுனை. அங்கே கோடைக்கால வீடுகள்தான், ஜூலை வரை ஈ காக்கை இருக்காது. இந்த ஒரு தடவைதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எல்லாப் பொய்யும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்.

எஸ்கில்டின் கடிதம் சொன்னது இது: என் ஓட்டைக் கேட்கிறவன் முகத்தை நான் இந்தத் துறைமுகத்தில் பார்க்க வேண்டும், முகம் தெரியாதவர்கள் என் மீனைப் பங்கு போடக் கூடாது. விகோ லுண்டின் கடிதம் சொன்னது இது: மீனுக்கு எல்லை தெரியாது, எஸ்கில்ட். பங்கு போடுகிற மேஜை எப்படியும் இருக்கத்தான் போகிறது. நமக்கு அங்கே நாற்காலி வேண்டுமா, ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பது போதுமா?

வியாழக்கிழமை இரண்டும் அருகருகே வந்தன. சனிக்கிழமை காலையில் எஸ்கில்டின் பதில் டாக்னியின் மேஜையில் இருந்தது. 'அன்புள்ள விகோ லுண்ட்' என்று தொடங்கியிருந்தான். அவன் அதற்கு முன்னால் எந்தக் கடிதத்திலும் யாரையும் அன்புள்ள என்று அழைத்ததில்லை.

அந்தப் பதிலைப் போட வேண்டுமானால் விகோ மறுபடியும் எழுத வேண்டும். எழுதினான். எஸ்கில்ட் மறுபடியும் கேட்டான், விகோ மறுபடியும் சொன்னான். டாக்னி ஒப்பந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். விகோ வாயிலிருந்து தப்பான எண் எதுவும் வந்துவிடக் கூடாது என்று மீன்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து சரிபார்த்தாள். தன்னை விட விகோ பொறுமைசாலி என்று அவளுக்கே தெரிந்தது. 'இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி, எஸ்கில்ட், நான்தான் யோசிக்கவில்லை' என்று அவன் மூன்றாவது கடிதத்தில் ஒப்புக்கொண்டபோது, ரொட்டிக் கடை வாசலில் இரண்டு பேர் அதை உரக்க வாசித்துப் பேசிக்கொண்டு நின்றதை அவள் கேட்டாள். விவாதத்தில் ஒருத்தன் நீ சொல்வது சரி என்று சொல்வது தீவுக்குப் புதிது.

மே மாதம் அங்கே ஒரு மாதிரி மாதம். இருட்டு வருவதற்கு மறந்துபோகும். கடுகு வயல்கள் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும், மாலை வெளிச்சம் மணிக்கணக்கில் கடல்மேல் உட்கார்ந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது கடினம். முதலில் ரொட்டிக் கடை அம்மாள்தான் விகோ லுண்டைப் பார்த்ததாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைகளில் கறுப்பு ரை ரொட்டி வாங்க வருகிறாராம், அதிகம் பேசமாட்டாராம். அடுத்து படகுக்காரன் ஓலுஃப். வெள்ளிக்கிழமை மதியப் படகில் வருவார், பச்சைத் தொப்பி, கூட ஒரு கிழட்டு நாய், நாய்க்குச் சீட்டு வாங்க மறக்கமாட்டார் என்று அடித்துச் சொன்னான். வதந்திக்குக் கை கால் முளைக்கும் என்பார்கள். இங்கே வாலும் சேர்ந்து முளைத்தது.

ஊர் கொடுத்த நாயை மறுக்க டாக்னிக்கு மனம் வரவில்லை. ஐந்தாவது கடிதத்தில் விகோ காலையில் நாயோடு கடற்கரையில் நடந்துபோனதாக ஒரு வரி எழுதினாள். அன்று மாலை அவள் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது வடமுனைச் சாலையில் பனிக்குள் யாரோ நடந்துபோவது தெரிந்தது. பக்கத்தில் தாழ்வாக ஏதோ ஒன்றும் கூடவே போயிற்று. அவள் மணியடிக்கவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி, அது மறையும் வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பிறகு படுக்கையில் அவளைப் பயமுறுத்தியது.

மே இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை எஸ்கில்ட் அலுவலகத்துக்கு வந்தான். சவரம் செய்திருந்தான். சனிக்கிழமை மாலை ஊர்க் கூடத்தில் கடைசிக் கூட்டம், விகோ லுண்டும் தானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசப்போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அழைப்பை ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். முகவரி உன்னிடம்தானே இருக்கும், சேர்த்துவிடு என்றான். கிளம்பியவன் கதவருகில் நின்றான்.

"ஒண்ணு சொல்றேன், உன்னோட இருக்கட்டும். இருபது வருஷத்துல முதல் தடவையா 'ஆம்'னு போடலாமான்னு நினைக்கறேன். அந்த ஆள்தான் காரணம். நான் எழுதினதைப் படிச்சிட்டு எழுதறான். மத்தவங்கல்லாம் அவங்க எழுதினதையே படிச்சிட்டு எழுதறாங்க."

டாக்னி உறையைப் பிரிக்காமல் மேஜையில் வைத்தாள். அவன் தெருக்கோடி திரும்பும் வரை காத்திருந்துவிட்டு, நேராக ப்ரீபனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

ப்ரீபன் அவள் பேசி முடிக்கும் வரை சுருட்டைப் பற்றவைக்கவே இல்லை. அப்பாவிடமிருந்து வந்த பத்திரிகை அது, அவருக்கு அது பிள்ளை மாதிரி. முதலில் அவளைத் திட்டினார். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டார். பிறகு பேரம் பேசினார்.

"நாலு நாள்தானே டாக்னி. அந்த ஆளைப் படுக்க வெச்சிடு. நிமோனியா. ஓட்டு முடிஞ்சு ஒரு வாரம் போகட்டும், செத்துப்போகட்டும். இரங்கல் குறிப்பு நானே எழுதறேன், பிரமாதமா எழுதறேன்."

"எஸ்கில்ட் சாவுக்கு வருவான்" என்றாள் டாக்னி. "பூ எடுத்துக்கிட்டு வருவான்."

ப்ரீபன் சுருட்டைப் பற்றவைத்தார். இப்போது சொன்னால் ஆம் பக்கமே மோசடி என்று ஊர் சொல்லும், சொல்லாவிட்டால் பத்திரிகையே ஒரு பொய் ஆளை நிறுத்தி ஓட்டு வாங்கிக்கொடுத்ததாக ஆகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எப்படி நின்றாலும் தராசைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறோம் என்றார். அதனால் சனிக்கிழமை இதழில் எதுவும் வராது, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். சனிக்கிழமை இதழில் பெட்டி மட்டும் வழக்கம் போல வந்தது. ஆம் 611, இல்லை 611. எண் சுத்தமாக இருந்தது. அதில் எண்பத்து நான்கு சென்டிமீட்டர் ஊரில் இல்லாத ஒருவனுடையது என்பது டாக்னிக்கும் ப்ரீபனுக்கும் மட்டும் தெரியும்.

டாக்னி நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். எஸ்கில்ட் செவ்வாய்க்கிழமை பென்சிலை எடுத்து எந்தக் கட்டத்தில் சிலுவைக் குறி போட்டாலும், அதில் தன் விரல் இருக்கும். அவன் எந்தக் கட்டத்தில் போடுகிறான் என்பது அவளுக்கு இப்போது பெரிதாக இல்லை. அது அவன் சிலுவையாக இருக்க வேண்டும். மாலை ஆறரைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஊர்க் கூடத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே கூட்டம் என்றால் முதலில் பாட்டு, பிறகு காப்பி, அதற்கப்புறம்தான் சண்டை. பாட்டு முடிந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒன்றில் எஸ்கில்ட், கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டில். இன்னொரு நாற்காலிக்கு எதிரே கோப்பை நிறைந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மேஜைக்கடியில் யாரோ நாய்க்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் டாக்னிக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. இன்று படகில் என் முறை இல்லை, ஏழு மணிப் படகில் வந்துகொண்டிருப்பார் என்று ஓலுஃப் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மேற்கு ஜன்னல்கள் வழியே தேன் நிறத்தில் வெளிச்சம் கூடம் முழுக்கக் கிடந்தது. ஜனங்கள் அதற்குள் மிதப்பது போல் இருந்தார்கள். எல்லோரும் கதவையே பார்த்தார்கள். ஒரு கணம் டாக்னியும் பார்த்தாள். அவன் வந்துவிடுவான் என்று அந்தக் கணத்தில் அவளும் நம்பினாள்.

பிறகு எழுந்து நின்றாள்.

"விகோ லுண்ட் வரமாட்டார். அப்படி ஒருத்தர் கிடையாது. அந்த ஆறு கடிதத்தையும் எழுதினது நான்."

காப்பி ஊற்றுகிறவள் நிறுத்தாமல் ஊற்றி, கோப்பை வழிந்தது. கடைசியில் ஓலுஃப்தான் கேட்டான், மிகவும் வருத்தத்தோடு:

"அப்ப வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் ஏத்திட்டு வர்றது யாரை?"

சிரிக்க வேண்டிய இடம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்னி எஸ்கில்டைப் பார்த்தபடி மிச்சத்தையும் சொன்னாள். எண்கள் எல்லாம் உண்மை, ஒவ்வொன்றையும் சரிபார்த்திருக்கிறேன், ஆள் மட்டும்தான் பொய். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று வந்தேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து இதுதான் உங்கள் சமநீதியா என்று கேட்டார். பள்ளி ஆசிரியை தன் அளவுகோலை எங்கே வைத்துக்கொள்வது என்று நறுக்கென்று கேட்டாள். ப்ரீபன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். எஸ்கில்ட் நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, அவளைக் கடந்து வெளியே போனான்.

திங்கட்கிழமை முதல் நீ பிறப்பு இறப்பு விளம்பரம் பார்த்துக்கொள் என்றார் ப்ரீபன் வாசலில். கடிதப் பக்கத்தை விட்டுவிடு. செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்தில் மன்னிப்பு, நம் இரண்டு பேர் பெயரும் போட்டு. அவள் சரி என்றாள். வேலை போகவில்லை என்ற ஆறுதல்கூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கண் துறைமுகத்துப் பக்கம் போயிற்று.

எஸ்கில்ட் தன் படகுக்கு எதிரே கயிறு கட்டும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். கல்யாணக் கோட்டில் உப்புப் படியுமே என்ற கவலை இல்லை. மணி எட்டரை, சூரியன் இன்னும் கடலுக்கு ஒரு முழம் மேலே நின்றது. டாக்னி பத்தடி தள்ளி நின்றாள்.

"மாறப் போறேன்னு உன்கிட்டதான் சொன்னேன்" என்றான் திரும்பாமலே. "யார்கிட்ட சொல்றோம்னு தெரியாமலே சொல்லியிருக்கேன். நல்லா சிரிச்சிருப்பே."

"சிரிக்கல."

"இந்த ஊர்ல நான் பேசினா எல்லாரும் மரியாதையா தலையாட்டுவாங்க. எஸ்கில்ட் பாவம், பொண்டாட்டி இல்லாதவன், பேசிட்டுப் போகட்டும்னு. அவன் ஒருத்தன்தான் நீ சொல்றது தப்புன்னான். அது எவ்வளவு பெரிய மரியாதைன்னு உனக்குத் தெரியுமா? ராத்திரி அடுப்படியில உக்காந்து அவனுக்குப் பதில் எழுதுவேன். வீட்ல இன்னொரு ஆள் இருக்கற மாதிரி இருக்கும். இப்ப அதுவும் போச்சு."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அந்த வார்த்தை இப்போது அற்பமாகத் தெரிந்தது. அலமாரியில் பூட்டி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாய்க்கு வந்தது.

"நீ சொல்றது தப்புன்னு நான் இப்பவும் நினைக்கறேன்."

எஸ்கில்ட் திரும்பினான். "எது?"

"உன் மூணாவது கடிதம். கதவைச் சாத்திக்கிட்டா நம்ம காட் மீனை யாரும் தொடமாட்டாங்கன்னு எழுதினே. சாத்திக்கிட்டா அவங்க தொடறது நமக்குத் தெரியாமப் போகும், அவ்வளவுதான். அப்ப நான் அதைப் பூசி மெழுகி எழுதிட்டேன், நீ கோவிச்சுக்குவேன்னு." அவள் குரல் நடுங்கியது. விகோவுக்கு ஒரு நாளும் குரல் நடுங்கியதில்லை. "அதே மாதிரி, முகம் தெரியாதவங்க முடிவு பண்ணக் கூடாதுன்னு நீ சொன்னது சரி. அதுக்கு எங்கிட்டப் பதிலே இல்ல. இருக்கற மாதிரி எழுதினேன்."

அவன் எழுந்து வந்தான். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தான், ஏதோ இப்போதுதான் இந்த ஊருக்கு வந்து இறங்கியவளைப் பார்ப்பது போல.

"எழுதும்போது இதையெல்லாம் நம்பினியா?"

"எழுதும்போது இல்ல. மார்ச்சுல நான் உன் பக்கம். உனக்குப் பதில் தேடித் தேடித்தான் இப்படி ஆயிட்டேன். செவ்வாய்க்கிழமை என்ன போடுவேன்னு சத்தியமா எனக்கே தெரியல."

அவளை மன்னித்ததாக அவன் சொல்லவில்லை. பிற்பாடும் என்றைக்கும் சொன்னதில்லை. ஒப்பந்தப் புத்தகம் கோட்டுப் பையில்தான் இருந்தது, கூட்டத்தில் காட்டுவதற்காகக் கொண்டுவந்தது. அதை எடுத்து, பென்சில் கோடு போட்ட ஒரு பக்கத்தைத் திருப்பி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அப்படின்னா இதுக்குப் பதில் சொல்லு. நீயே சொல்லு."

டாக்னி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். கல்லின் மேல் உட்கார்ந்து, பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தாள். அவன் காத்திருந்தான்.